பிளக் டாக்டரின் சொந்த வண்டி

எங்க வீட்டுக்காரரை இந்தத் தெருவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பிளக் டாக்டர்னுதான் சொல்வாங்க. டாக்டருக்கெல்லாம் படிக்கல, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கவுண்டர்ல நிக்கறார். ஆனா கழட்டின பழைய ஸ்பார்க் பிளக்கை அவர் முன்னால வெச்சா போதும், அந்த வண்டியோட வண்டவாளம் அத்தனையும் புட்டுப்புட்டு வெச்சிடுவார். முனை காபி கலர்ல இருந்தா நல்லா எரிஞ்சிருக்கு. கறுப்பா கரி படிஞ்சிருந்தா ஒரு கோளாறு, வெள்ளையா வெளுத்திருந்தா இன்னொரு கோளாறு. இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்னு கேக்காதீங்க. சாப்பிட உக்காந்தா வேற எதைப் பத்தி அந்த மனுஷன் பேசியிருக்கார்?

கடையில குனிஞ்ச தலை நிமிராது. வந்தவங்க முகத்தைப் பாக்கவே மாட்டார். பெரிய மனுஷனோ டாக்சி ஓட்டறவரோ, கவுண்டர் மேல கிடக்கற பிளக்குதான் அவருக்கு ஆள். முகத்தைப் பாத்தா பேச்சு வளருமாம், பேச்சு வளந்தா வரிசை வளருமாம். "இரிடியம் பிளக் குடுங்க, அதுதான் உசத்தியாமே"ன்னு யாராவது வாயைத் திறந்தா, "விலை உசத்தின்னு வண்டிக்குத் தெரியுமா? கார் கம்பெனி புத்தகத்துல எந்த நம்பர் இருக்கோ அதைப் போடுங்க, உங்க மூளையைப் போடாதீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவார்.

இவ்வளவு கறாரான ஆள் சொந்த வண்டிக்கு பிளக் வாங்கின லட்சணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பக்கத்துத் தெரு கிளினிக்குல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றவ. எங்க முதலாளியம்மா வேற ஊர்ல புதுசா ஒரு லேப் கட்டினாங்க. அதை மொத்தமா நீங்கதான் பாத்துக்கணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. காலமெல்லாம் ஊசி குத்திக்கிட்டே இருந்தவளுக்குத் தனி ரூம், சொன்னதைச் செய்ய ஆளுங்க. எனக்குக் கால் தரையில படல. அந்த ஊருக்கு பஸ் உண்டு, ஆனா அதுக்கு மனசு வந்தாதான் வரும். கார்ல போனாதான் நேரத்துக்குப் போக முடியும். "திங்கக்கிழமை காலையில நீங்க வந்து கதவைத் திறக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க"ன்னு அந்தம்மா முன்கூட்டியே சொல்லிட்டாங்க.

அந்த நேரம் பாத்துதான் எங்க கார் மக்கர் பண்ணுச்சு. ஸ்டார்ட் ஆகுது, இருமுது, நாலு அடி போய் உதறுது. எதிர் சந்து மெக்கானிக் தம்பி காதை வெச்சுக் கேட்டுட்டு, "பிளக்குதான் அக்கா, வேற ஒண்ணுமில்ல. மாத்திட்டா பறக்கும்"னான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பிளக் டாக்டர் வீட்டுல பிளக்குக்கா பஞ்சம்?

"நான் பாத்துக்கறேன்"னார். பாத்தார், பாத்தார், பாத்துக்கிட்டே இருந்தார்.

முதல்ல ஒரு செட்டு வந்துச்சு. சாப்பாட்டு மேஜை மேல வெச்சு கண்ணாடியைப் போட்டுப் பாத்தார். "இது சரிப்படாது. நீ அவ்வளவு தூரம் ஓட்டினா இன்ஜின் கொதிக்கும். சூட்டைச் சீக்கிரம் வெளிய தள்ற பிளக்கா வேணும்"னார். மறுநாள் அப்படி ஒரு செட்டு வந்துச்சு. "நீ மார்க்கெட்டுக்குப் போறப்போ இது சூடே ஆகாது, கரி பிடிச்சுடும்"னு அதுவும் திரும்பிப் போச்சு. அப்பறம் பிளாட்டினம். அப்பறம், ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்ற அந்த இரிடியம்கூட என் வீட்டு மேஜைக்கு விருந்தாளியா வந்துட்டுப் போச்சு.

"புத்தகத்துல என்ன நம்பர் போட்டிருக்கு?"ன்னு கேட்டேன்.

"அந்தப் புத்தகத்தை எழுதினவன் உன்னை நினைச்சா எழுதினான்?"

"பழைய பிளக்கையாவது கழட்டிப் பாருங்களேன். கடையில அதைத்தானே முதல்ல கேப்பீங்க?"

"கண்டதையும் கழட்டி மாட்டாதே. பிளக்கோட மரை நீளம் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா பிஸ்டன்ல போய் இடிக்கும். இன்ஜின் காலி. அவசரம் ஆகாது"ன்னுட்டு டிவியைப் போட்டுட்டார்.

காதுல பூ சுத்தறார்னு எனக்குப் புரிஞ்சுது. எதுக்குன்னுதான் புரியல. பொண்டாட்டி நாலு பேருக்கு மேல உக்காரப் போறாளேன்னு வயித்தெரிச்சல், வேற என்னவா இருக்கும்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை குழம்புல உப்பு இல்லாமப் போனது மறதியில இல்ல.

சனிக்கிழமை அவர் கடைக்குக் கிளம்பினதும் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டு நாலு பிளக்கையும் கழட்டச் சொன்னேன். கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டு நேரா கடைக்கு நடந்தேன். நல்ல கூட்டம். ஆயில் வாசனையும் ரப்பர் வாசனையுமா மூச்சு முட்டுது. நானும் வரிசையில நின்னேன். என் முறை வந்ததும் வாயே திறக்காம நாலையும் கவுண்டர் மேல வெச்சேன். கல்யாணமான நாள்லேருந்து தினமும் இவருக்குக் காபி நீட்டற கை. அடையாளம் தெரியல. எனக்கு அங்கேயே ஒண்ணு வைக்கலாம் போல இருந்துச்சு.

ஒரு பிளக்கை எடுத்து வெளிச்சத்துல திருப்பினார். "கரியைப் பாருங்க. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. வெச்சிருக்கறவன்தான் சரியில்ல"ன்னார்.

பின்னால நின்ன டாக்சிக்காரர் சிரிச்சார். இவருக்கு உற்சாகம் வந்துடுச்சு.

"வண்டியை வாங்கி வீட்டோட பொத்திப்பொத்தி வெச்சிருக்கான். நாலு தெரு தாண்ட விடறதில்ல. இன்ஜின் சூடேறறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்திடறது. அப்பறம் கரி பிடிக்காம என்ன பண்ணும்? இதே நம்பர்தான் சரியான நம்பர். சூடு தாங்கறது, தாங்காததுன்னு ஒரு ஆராய்ச்சியும் வேண்டாம். புதுசா ஒரு செட்டு போட்டுட்டு நல்லா ரொம்ப தூரம் ஓட்டச் சொல்லுங்க. அது ஓடறதுக்குன்னே செஞ்ச வண்டி. அவ்வளவு பயமா இருந்தா எதுக்கு வண்டி வாங்கறான்?"

"சரிங்க. திங்கக்கிழமையிலேருந்து தினமும் ஓட்டறேங்க"ன்னேன்.

தலை நிமிந்துச்சு.

அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். கையில இருந்த பிளக்கைக் கீழ வைக்கவும் முடியல, வெச்சிருக்கவும் முடியல. அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் இனி அவரால வாபஸ் வாங்க முடியாது, சாட்சிக்கு வரிசையே நிக்குது. திரும்பி அலமாரியிலேருந்து நாலு டப்பா எடுத்தார். கொஞ்சம்கூட யோசிக்கவே இல்ல. எந்தத் தட்டுல இருக்குன்னு கைக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

டப்பாவை என் பக்கம் தள்ளினார், கையை எடுக்கல. "திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிடும்"னார்.

"வண்டியில லைட்டு இருக்கு."

"அதில்ல." குரல் இறங்கிப்போச்சு. "பையனும் கல்யாணம் பண்ணிக்கிட்டு தனியா போயிட்டான். நான் கடை முடிஞ்சு வந்தா நீ வீட்டுல இருப்பே. இனிமே பூட்டைத் திறந்துக்கிட்டு நான் மட்டும் உள்ள போகணும்."

வயித்தெரிச்சல்னு நான் நினைச்சதெல்லாம் போச்சு. பாவமா இருந்துச்சு. கூடவே ஆத்திரமும் வந்துச்சு. இதை வீட்டுல சொல்ல வாய் வரல, இதுக்கு இரிடியம் வரைக்கும் போயிட்டு வந்திருக்கார். "வீடுதானே, காடா? லைட்டைப் போட்டுட்டு உக்காருங்க, வந்துடுவேன்"னு சொல்லிட்டு டப்பாவை அவர் கைக்குக் கீழேருந்து உருவிக்கிட்டேன். டாக்சிக்காரர் வெளியில எதையோ தேடற மாதிரி பாத்துக்கிட்டு நின்னார், நல்ல மனுஷன்.

மத்தியானத்துக்குள்ள மெக்கானிக் தம்பி பிளக்கை மாட்டிட்டான். திங்கக்கிழமை காலையில கார் ஒரு தடவைகூட இருமல. லேப் கதவை நான்தான் திறந்தேன். என் ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கு, அது வழியா கொஞ்ச நேரம் சும்மாவே பாத்துக்கிட்டு நின்னேன், சந்தோஷமா இருந்துச்சு. சாயங்காலம் புது மிஷின் தகராறு பண்ணிடுச்சு, கிளம்ப நேரமாயிடுச்சு.

வீட்டுக்கு வந்தப்போ எல்லா ரூம்லயும் லைட்டு எரியுது. இவர் வாசப்படியில நிக்கறார், கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு.

"ஏன் இவ்வளவு லேட்டு? ஒரு போன் பண்ணக் கூடாதா?"ன்னார்.

கல்யாணமானதுலேருந்து இதே வாசப்படியில நின்னு இதையேதான் நான் கேட்டிருக்கேன். ஒரு நாளாவது பதில் சொல்லியிருப்பாரா? நானும் சொல்லல. செருப்பைக் கழட்டிட்டு, "காபி இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள போயிட்டேன்.