புளிக்காத எட்டு நாட்கள்

"...அங்கே போயிட்டா எல்லாம் நம்ம ஜனங்கதான். யாருக்கும் உக்காந்து எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல பாரு. அதுவே பெரிய நிம்மதி," என்று மாமா என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஈஸ்டர் காலை. விடியற்கால ஆராதனை முடிந்து ஸ்கூட்டியில் லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சோபாவில் விழுந்து, விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தாள். சாப்பாட்டு மேஜையில் மாமா, அதாவது என் மாமனார், வெள்ளை ஜிப்பாவும் தலையில் சின்னத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பால் விடாத டீ, ஒரு வாழைப்பழம், பம்பாயிலிருந்து பார்சலில் வந்த புளிப்பில்லாத ரொட்டி. அதை அப்பளம் மாதிரி ஒடித்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் வீட்டார் மராத்தி யூதர்கள்; அப்பாவும் மகனும் தங்களுக்குள் மராத்தியில்தான் பேசுவார்கள். என் காதில் விழ வேண்டும் என்று மாமா நினைப்பதை மட்டும் தமிழில் சொல்வார். அவர் முப்பது வருடம் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். "என் தமிழ் சுவர் தாண்டி வந்த தமிழ்" என்று அவரே சொல்லிக்கொள்வார். அதனால் அந்த 'நிம்மதி' எனக்கென்று சொன்னது என்று புரிந்துவிட்டது.

'அங்கே' என்றால் இஸ்ரேல். என் நாத்தனார் கல்யாணமாகிப் போன இடம். போன மழைக்காலத்தில் மாமியார் காலமானதிலிருந்து, அப்பாவை அனுப்பி வை என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்களுக்கோ அவர் எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை. ஹப்சிகுடாவில் அவருடைய பிளாட்டில் தனியாக, பாலுக்கும் பேப்பருக்கும் கதவைத் திறந்துகொண்டு அவர் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "பண்டிகைக்கு வரேன். எட்டு நாள் இருந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்" என்று பெட்டியோடு வந்திருந்தார். அவர்களுடைய பஸ்கா பண்டிகை அந்த வருடம் எங்கள் பெரிய வெள்ளி அன்று மாலை தொடங்கியது. இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நிம்மதி அங்கே இருக்கிறது என்கிறார்.

"பண்டிகை முடிஞ்சதும் பாஸ்போர்ட் நகல் எடுத்து அவளுக்கு அனுப்பிடு," என்றார் மகனிடம். அதையும் தமிழில்தான் சொன்னார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போனேன்.

எங்கே தவறினேன் என்று யோசித்தேன். அவர்கள் பண்டிகையை என் வீட்டில் வைக்கத் தொடங்கி ஐந்து வருடம். மாமியாருக்கு முழங்கால் முடியாமல் போனதும், "இனி உன் வீட்டு மேஜை, உன் வீட்டுச் சண்டை" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் விட்டார். இந்த ஊரில் அவர்களுக்கு ஜெப ஆலயம் கிடையாது. இருக்கிறதெல்லாம் வீடும் மேஜையும்தான். பாளையங்கோட்டையில் பிறந்து ஞாயிற்றுப் பள்ளியில் வளர்ந்தவள் நான். எனக்கு இதெல்லாம் ரொம்பத் தெரிந்த கதை என்ற தைரியம் இருந்தது. எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட ஜனங்கள், மாவு புளிக்க நேரமில்லை, அதன் நினைவாக ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம், வீட்டில் புளித்த மா காணப்படவே கூடாது. யாத்திராகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பாடம் ஏழு நாள் என்றது, இவர்கள் எட்டு நாள் கொண்டாடினார்கள். ஒரு நாள் கூடுதலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வேதத்திலேயே இருக்கிறதே, கேட்பானேன்?

அதனால் ஒவ்வொரு வருடமும் பண்டிகைக்கு முந்தின நாள் ஃபிரிட்ஜைக் காலி செய்வேன். கோதுமை மாவு, பிரெட், பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் கீழே வாட்ச்மேன் வீட்டுக்குப் போகும். கடைசியாக இட்லி மாவு. ஒரு தமிழ் வீட்டில் எட்டு நாள் இட்லி மாவு இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று தமிழர்களுக்குத்தான் தெரியும். விருந்தாளி வந்தால் அவசரத்துக்கு ஊற்ற எதுவும் இருக்காது. காலையில் புட்டு, இடியாப்பம், மறுபடி புட்டு. என் மகள் மூன்றாம் நாளே, "மம்மி, நோ மோர் புட்டு, ப்ளீஸ்" என்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மாமியார் வீட்டு மதத்துக்காக இட்லியையே விட்டவள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த ஈஸ்டருக்கும் புட்டுக்குத்தான் மாவு விரவி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஈஸ்டர் காலைச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில் நடக்கும். மாமா தனியாக இருக்கக் கூடாதென்று இந்தத் தடவை என் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். "ஒண்ணும் கொண்டு வராதே, சும்மா வா" என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறாள். கோவிலுக்குக் கட்டின பட்டுப்புடவை, கையில் பெரிய ஹாட்பேக்.

"ஏட்டி, பிடி. கனக்கு. நாப்பது இட்லி. கறிக்குழம்பு கார்ல இருக்கு."

"ஐயோ அக்கா, இட்லியா?"

"பின்ன ஈஸ்டருக்கு என்னத்த தின்பாக? ரெண்டு மணிக்கே எந்திச்சு அவிச்சிருக்கேன். பஞ்சு மாதிரி இருக்கு, தொட்டுப் பாரு."

நான் வாசலிலேயே அவளை மறித்தேன். குரலைத் தாழ்த்தி, "உள்ள கொண்டு வராத. பண்டிகை வீடு. புளிச்ச மாவு ஆகாது. கார்லயே வச்சிட்டு வா. நீ போம்போது கொண்டு போயிரு," என்றேன்.

அக்கா முகம் சுருங்கியது. "உயிர்த்தெழுந்த நாளும் அதுவுமா, நான் அவிச்ச இட்லிய வாசப்படி தாண்ட விடமாட்டங்கியா?"

"மெல்லப் பேசு. அவருக்குக் கேட்கும்."

"கேக்கட்டுமே. அவுக சாமிக்கு இட்லி மேல என்ன கோவமாம்?"

சொல்லிவிட்டு ஹாட்பேக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். லிஃப்டைக்கூடக் கூப்பிடவில்லை. செருப்புச் சத்தத்திலேயே கோபம் கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மாமா எழுந்து என் பின்னால் நிற்கிறார்.

"ஏன் பேட்டா? அக்காவை ஏன் திருப்பி அனுப்பினே?"

"இல்ல மாமா, இட்லி கொண்டு வந்துட்டா. அவளுக்குத் தெரியாது. கார்ல வைக்கச் சொன்னேன்."

"ஹவ், ஆமா, வாசனை வந்தது. அதுக்கு ஏன் கார்?"

"புளிச்சதுல்ல மாமா. உங்களுக்கு ஆகாதே."

"யார் சொன்னது?"

"பைபிள்ல போட்டிருக்கே."

"பைபிள்ல இட்லி போட்டிருக்கா?"

என் கணவர் டீக் கோப்பைக்குள் சிரித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கோதுமை, பார்லி, அந்த மாதிரி அஞ்சு தானியம்தான் பேட்டா. அதுல தண்ணி பட்டுப் புளிச்சாத்தான் எங்களுக்குத் தடை," என்றார் மாமா. "அரிசி எங்க ஜனங்க எட்டு நாளும் சாப்பிடறோம். நீயே மத்தியானம் சோறு போடறே. உளுந்துக்கும் தடை இல்ல. குவார்ட்டர்ஸ்ல பண்டிகைக்கு எனக்குப் பக்கத்து வீட்டு இட்லிதான் காலை டிபன். முப்பது வருஷம்."

"அப்புறம் ஏன் மாமா அஞ்சு வருஷமா ஒரு தடவைகூட இட்லி எங்கேன்னு கேட்கலை?"

"எப்படிக் கேட்பேன்? முதல் வருஷமே உன் மாமியார் என்னையும் இவனையும் அதட்டிட்டா. 'அவ நாப்பது நாள் கறி தொடாம இருக்கா. அவங்க ஏசுவுக்குத் துக்கம் காக்கற வாரம் இது. துக்க வீட்ல போய் இட்லி கேட்டு மானத்த வாங்காதீங்க'ன்னு."

"ஈஸ்டர் முடிஞ்ச பிறகும் இட்லி வராதே. அப்பவுமா?"

"உங்க துக்கம் கொஞ்சம் நீளம்னு நெனச்சோம்."

கேள்வி கேட்பதற்கென்றே விருந்து வைக்கிற குடும்பம் அது. முதல் நாள் ராத்திரி விருந்தில் வீட்டின் கடைசிக் குழந்தை எழுந்து, இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்று கேட்க வேண்டும், பெரியவர் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை என் மகள் கேட்டாள், மாமா சொன்னார். அதே மேஜையில் நாங்கள் இத்தனை பேரும் ஐந்து வருடமாக ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே பட்டினி போட்டிருக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மாமியாரிடம் இதைச் சொல்லிச் சிரிக்க முடியாதே என்று நினைத்துவிட்டேன்.

மாமா சிரிக்கவில்லை. "அப்போ என் பண்டிகைக்காக, உன் பண்டிகை நாள்ல, உன் அக்காவை வாசலோட அனுப்பினே. நான் இங்கேயே தங்கிட்டா வருஷா வருஷம் இதான் நடக்கும். நேத்து ராத்திரி பூரா என்னால உனக்குக் கஷ்டம்னுதான் யோசனை. வெள்ளிக்கிழமை நீ கோவில்ல மூணு மணி நேரம் இருந்து அழுத கண்ணோட வந்தே. வந்து எனக்கு விருந்து வச்சே. நான் பாட்டு வேற பாடினேன். வெக்கமா இருந்தது."

அந்த நிம்மதிப் பேச்சுக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. எங்களோடு இருக்கப் பிடிக்காமல் அவர் கிளம்பவில்லை. எங்களுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீங்க பாடினது ஆறுதலா இருந்துச்சு மாமா," என்றேன். "அதையும் சொல்லாம விட்டுட்டேன். அத்தை இல்லாத முதல் பண்டிகை. நீங்க பாடுவீங்களோ மாட்டீங்களோன்னு அடுப்படியில நின்னு பயந்துக்கிட்டிருந்தேன்."

அவர் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். நான் பால்கனிக்கு ஓடினேன். கார் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அக்காவிடம் அவர் ஏதோ சொல்ல, அக்கா கையை உதறிப் பதில் சொல்ல, பிறகு இருவருமாக மேலே பார்த்து என்னைக் காட்டிச் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்று வரை அக்கா சொல்லவில்லை.

மேலே வந்தபோது ஹாட்பேக் அவர் கையில் இருந்தது. தங்கள் முறைப்படி வெட்டாத கறியை அவர் சாப்பிட மாட்டார் என்பதால், கறிக்குழம்பை எங்களுக்கு விட்டுவிட்டு, தேங்காய்ச் சட்னியோடு இட்லி சாப்பிட்டார். ஐந்தாவது இட்லியில் அக்கா, "மாமா, இன்னொண்ணு வைக்கட்டா?" என்றாள்.

"நக்கோ நக்கோ," என்று வாயால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தட்டை மட்டும் நீட்டினார்.

என் கணவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். "அப்பா, பாஸ்போர்ட் நகல்..."

"ஒரு மாசம் வந்து இருந்துட்டுத் திரும்பறேன்னு எழுது. போக வரச் சேத்து டிக்கெட் போடச் சொல்லு," என்றார் மாமா. கை கழுவிவிட்டு அடுப்படிக்குள் போனார். அரிசி எது, உளுந்து எது என்று என்னைக் கேட்கவில்லை. டப்பாக்களை அவரே திறந்து பார்த்து, நாலு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் அளந்து, இரண்டு பாத்திரத்தில் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டார்.