கதவை விட்டு நகராத காவலன்

எடைத் தராசு ஆய்வாளரான அவரைப் பற்றி, “ஆதாரமின்றி எதையும் ஏற்காதவர், கற்பனைக்கு இடம் தராதவர்” என்கிறது அலுவலகக் கோப்பு. எழுதிய மேலதிகாரி அவரைப் பதினைந்து வயதில் பார்த்ததில்லை.

அப்போது அவரும் தம்பியும் விளையாடிய வீடியோ கேமில், கடைசிக் கட்டத்து முகமூடிக் காவலனை இருவராலும் வெல்ல முடியவில்லை. நேரே போனால் அவன் ஏனோதானோவென்று அடிப்பான். அவனுக்குப் பின்னாலிருக்கும் கதவுப் பக்கம் ஒதுங்கினால் வெளுத்து வாங்குவான். நாற்பது தோல்விகளை நோட்டில் குறித்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

“உள்ள அவன் தம்பி இருக்கான்டா.”

“அப்ப அவன் நல்லவனாக்கா?”

“உள்ள இருக்கிறது உன்ன மாதிரி தம்பியா இருந்திருந்தா, காவலன் எப்பவோ கதவத் திறந்து விட்டிருப்பான்.”

அன்றிலிருந்து காவலனைக் கொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டமானது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஆறு மாதத்துக்கொரு முறை பேசும் தம்பி திடீரென்று போன் செய்தான். குரலில் சுரத்தே இல்லை.

“அந்த கேம் கம்பெனிக்காரனே காவலனோட கதைய வெளியிட்டுட்டான்க்கா. கதவுக்குப் பின்னால யாருமே இல்லையாம். வெறும் சுவராம்.”

அவர் கேட்டார்.

“அவன் உள்ள போய்ப் பாத்தானாமா?”

தம்பி சிரித்துவிட்டான். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கி, அந்தக் கதவின் முன்னால் போய் நின்று, அவர் வேண்டுமென்றே நாற்பத்தோராவது முறையாகத் தோற்றார்.