கீழ்த்தட்டில் இருந்த சொல்

கோதண்டபாணி கடை வைத்த நாளிலிருந்து ஒரு சொல்லை மட்டும் கல்லாவில் உட்கார்ந்து சொன்னதில்லை. கோடி. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடும் புதுத்துணி. அதைக் கேட்டு ஆள் வந்தால் மனைவியைப் பார்த்து "கீழ்த்தட்டு" என்பார். ஹேமாவதி பின்பக்க அலமாரிக்குப் போய்க் குனிந்து எடுத்து வருவாள். வாங்குகிறவர் பேரம் பேசமாட்டார். பிரித்துப் பார்க்கமாட்டார். போகும்போது "வரேன்" என்று சொல்லமாட்டார். சாவு வீட்டிலிருந்து எழுந்து போவதுபோல் பேசாமல் படியிறங்குவார். கடைக்காரரும் "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடக் கூடாது. வருஷத்துக்கு ஐந்தாறு பேர் அப்படி வருவார்கள். மற்றபடி அது கல்யாணக் கடை.

பள்ளிப்பட்டில் தறி வைத்திருந்த குடும்பம். தொண்ணூற்று மூன்றில் திருத்தணி மலையடிவாரத்தில் அம்மா பேரில் வள்ளிநாயகி ஜவுளி ஸ்டோர் தொடங்கினார். முகூர்த்த நாட்களில் மலைமேல் தாலி கட்டி முடித்துக் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஒரு வேட்டி குறையும். தாய்மாமனுக்குத் துணி எடுக்க மறந்திருக்கும். கழுத்தில் மாலையோடு மணப்பெண்கள் கடைக்குள் வந்து நின்றிருக்கிறார்கள். மகள் சுப்ரஜாவுக்கு இந்தக் கடையில்தான் கூறைப்புடவை என்பது அவள் பள்ளிக்கூடம் போன வயதிலேயே அவர் மனதுக்குள் முடிவாகிவிட்ட விஷயம். மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். எடுக்கட்டும். பெண்ணின் அப்பா ஜவுளிக் கடை வைத்திருக்கும்போது வேறெங்கே போவார்கள்?

பிறகு திருவள்ளூரிலும் சென்னையிலும் அடுக்குமாடி ஜவுளிக் கடைகள் வந்தன. கல்யாண வீட்டார் வேன் வைத்துக்கொண்டு அங்கே போனார்கள். கோதண்டபாணி ஈ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டு அருகில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஜெயப்பிரகாஷ், கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தான். பல மாதம் ஆகியும் ஒரு போன் வரவில்லை.

"பட்டுப் புடவைன்னு தேடினா எத்தினி கடை வருது பாருங்கண்ணா. நாம நாப்பதாவது பக்கத்துல இருக்கோம். அங்க யாரு வருவா? நீங்களும் நானும்தான்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"ஜனங்க தேடற சொல்லா இருக்கணும். ஆனா வேற எந்தக் கடைக்காரனும் அதைப் போட்டிருக்கக் கூடாது. அப்படி ஒரு சொல்லு புடிச்சுக் குடுங்க."

"பொண்ணு ஒருத்தன் கண்ணுலயும் படக்கூடாது, ஆனா ஊரே வந்து கேக்கணும்ன்ற."

"ஆங். அதேதான்."

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களின் வாயைக் கவனித்தார். யாரும் துணியின் பேரைச் சொல்வதில்லை. யாருக்கு, எதற்கு என்றுதான் சொல்கிறார்கள். காவடிக்கு மஞ்சள் துணி. குழந்தைக்கு மொட்டை போடுகிறோம், ஒரு வேட்டி. ஒவ்வொன்றையும் ஜெயப்பிரகாஷிடம் கொண்டுபோனார். அவன் ஆங்கில எழுத்தில் அடித்து, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்ப்பான். மஞ்சள் துணியை யாரும் தேடவில்லை.

"மலைக்கு வர்றவனுக்கு வாய் இருக்குதுண்ணா. நேரா வந்து கேட்டு வாங்கிக்கறான். மெஷின்கிட்ட ஏன் கேக்கப் போறான்?"

கோதண்டபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டுக் கேட்க முடியாததைத்தான் மெஷினிடம் கேட்பார்கள். அவன் காதருகே குனிந்து அந்தச் சொல்லைச் சொன்னார்.

அவன் அடித்தான். தேடுகிறவர்கள் இருந்தார்கள். "அண்ணா! ஒரு கடைகூட இல்லண்ணா!" என்று கத்தினான்.

"மெதுவாடா" என்றார் கோதண்டபாணி.

அடுத்த மாதமே போன் வர ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து, மும்பையிலிருந்து, சென்னை அடுக்குமாடிகளிலிருந்து. யாரும் முதலில் விலை கேட்கவில்லை. "அப்பா போயிட்டாருங்க. அம்மாவுக்கு எந்தக் கலர் போடணும்? எங்களுக்குச் சொல்றதுக்குப் பெரியவங்க யாருமில்ல" என்று அழுதார்கள். அவர் பொறுமையாகச் சொன்னார். காரியத்துக்கு முன்னால் போய்ச் சேரும்படி கூரியரில் போட்டார். கீழ்த்தட்டு போதவில்லை. துணி இரண்டாம் தட்டுக்கு ஏறியது. பிறகு கல்லாவுக்குப் பின்னால், கூறைப்புடவை இருந்த இடத்துக்கு வந்தது.

"லட்சுமி நின்ன எடத்துல இன்னாத்தை அடுக்கறீங்க?" என்றாள் ஹேமாவதி.

"இதுவும் துணிதான் ஹேமா."

"துணிதான். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்களை இங்க உக்கார வச்சுப் பாருங்க, தெரியும்."

முதலில் ஆட்டோக்காரர்கள் வாயில் பேர் மாறியது. யாராவது வழி கேட்டால் "கோடிக் கடையா?" என்றார்கள். அந்த வருஷம் தை முகூர்த்தத்தில் மாலையோடு ஒரு பெண்கூட உள்ளே வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. ஒரு காலை, வேட்டி கேட்டுப் படியேறிய மாமன் ஒருவரைப் பின்னாலிருந்து ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் கோதண்டபாணி பார்த்தார். அவர் கண்ணில் படாதபடி இழுப்பதாக அவள் நினைத்திருக்க வேண்டும்.

ஜெயப்பிரகாஷிடம் போய் எடுத்துவிடச் சொன்னார். அவன் நம்பவில்லை. "சோறு போடற சொல்லுண்ணா அது."

"எடுத்துடு."

எடுத்தான். ஆனால் அதற்குள் யார் யாரோ கடையின் பேரையும் போன் நம்பரையும் அந்தச் சொல்லோடு சேர்த்துத் தங்கள் பக்கங்களில் எழுதி வைத்திருந்தார்கள். போட்டது அவன். எடுப்பது அவன் கையில் இல்லை. போன் வந்துகொண்டே இருந்தது. அழுகிறவர்களிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அனுப்பிக்கொண்டே இருந்தார். கல்யாணக் கூட்டம் மட்டும் திரும்பவில்லை.

சுப்ரஜாவுக்கு வரன் அமைந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். பையன் கணேஷ்ராம், பெங்களூரில் வேலை. அவன் அப்பா பக்தவச்சலம் நகரியில் ரைஸ் மில் வைத்திருந்தார். நிச்சயம் முடிந்து, கூறைப்புடவை எடுக்க மனைவியோடு கடைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். கோதண்டபாணி கோடித் துணி முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். அலமாரியைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்தார். காஞ்சிபுரம் போய் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை வாங்கி வந்திருந்தார். அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

வந்தார்கள். பாய் விரித்துப் புடவையைப் பிரித்தார். சம்பந்தியம்மா முந்தானையைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். கணவரைப் பார்த்தாள்.

பக்தவச்சலம் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பையன் சிநேகிதங்களுக்குக் காட்டலாம்னு கம்ப்யூட்டர்ல உங்க கடை பேரைப் போட்டிருக்கான். அதுல..." மீதியைச் சொல்லவில்லை. "ஊர்லயும் சொல்லிகினு இருக்காங்க. எங்களுக்கு ஒண்ணுமில்ல. நாலு பேர் கேப்பாங்க, பாருங்க."

"அதெல்லாம் எடுத்தாச்சுங்க. இப்ப முகூர்த்தத் துணி மட்டும்தான்" என்றார் கோதண்டபாணி.

போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. ஹேமாவதியாவது எடுத்துத் தொலைக்கமாட்டாளா என்று திரும்பிப் பார்த்தார். அவள் சம்பந்திக்குக் காபி வாங்கப் போயிருந்தாள். மூன்றாம் முறை அடித்ததும் எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண்ணின் அழுகை, சின்னக் கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்புறம் பண்ணும்மா" என்றார். அவள் நிறுத்தவில்லை. "நாளை மறுநாள் காரியங்க" என்றாள். அவர் குரல் தானாகத் தணிந்தது. "பிறந்த வீட்டுக் கோடியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

சம்பந்தியம்மா கையிலிருந்த முந்தானையைப் பாயில் விட்டாள். இருவரும் எழுந்தார்கள். பக்தவச்சலம் செருப்பைத் தேடி மாட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் அவரும் பின்னால் அவளுமாக, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்கள்.

கோதண்டபாணி கல்லாவருகே நின்றார். போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அப்படி இறங்குகிறவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது என்று பழகிப்போன வாய் திறக்கவில்லை.

காபித் தூக்கோடு எதிரே வந்த ஹேமாவதி, தெருவில் போகும் அவர்களையும் கடையில் நிற்கும் இவரையும் பார்த்தாள்.

"வரேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.