விளக்கெண்ணெய்க்கு எதுக்கு மாஸ்க்?

தான் வேலை பார்த்த மெத்தைக் கம்பெனியிலேயே ஜம்னாவுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவன் அவள் புருஷன் வாக்ஜிதான். அவள் மாஸ்க்கைக் கழற்ற வைத்தவனும் அவனேதான். இதை இனி மூடிமறைத்து என்ன ஆகப்போகிறது?

கடி என்கிற அந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஆமணக்கு. அந்த எண்ணெயிலிருந்து செய்த சரக்கு ஒரு டிரம்மில் இருக்கும். 'பி' என்று எழுதிய இன்னொரு டிரம்மில் வேறொரு மருந்து. இரண்டையும் கலந்து அச்சில் ஊற்றினால் பொங்கி எழுந்து பாலியூரிதேன் மெத்தையாக இறுகிவிடும். முன்பு பெட்ரோலியச் சரக்கில் செய்தது, இப்போது செடியிலிருந்து. வாசல் போர்டில் பச்சை இலைப் படம்கூட உண்டு.

முதல் நாள் ஜம்னா முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன ஜம்னா, பேங்க் கொள்ளைக்குக் கிளம்பிட்டியா?" என்றான் வாக்ஜி.

"சூப்பர்வைசர்தாங்க போடச் சொன்னாரு. ஏதோ ஆகாதாமே?"

"அட, விளக்கெண்ணெய்க்கு எதுக்குடி மாஸ்க்? வருஷா வருஷம் மூட்டைக் கோதுமைக்கும் வண்டு வராம இதைத்தானே தடவி வெக்கிற? அதைத்தானே ரொட்டியா திங்கறோம்? கழட்டு, மூஞ்சியாவது தெரியட்டும்."

கூடமே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கழற்றினாள். மறுநாளிலிருந்து ஊற்றுகிற பெண்கள் ஒருத்தியும் மாஸ்க் போடவில்லை.

இரண்டாம் வருஷம் இருமல் பிடித்தது. பிறகு இழுப்பு. டாக்டர் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எண்ணெய் ஒண்ணும் பண்ணலை. அந்த 'பி' மருந்துதான். உடம்புக்கு ஒரு தடவை ஆகாமப் போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் மூச்சு திணறும்."

அவள் வேலையை விட்டாள். ஆனாலும் சாயங்காலம் அவன் வாசலில் கால் வைத்ததுமே இழுக்க ஆரம்பிக்கும். அவன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று அந்தப் பாவிக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. சட்டைகளைக் கொளுத்தினான். அந்த வேலைக்கும் முழுக்குப் போட்டான். அதற்குள் அவள் நெஞ்சு பாழாகிவிட்டது.

ஹோலி கழிந்து புதுக் கோதுமை வந்தது. சுவரில் சாய்ந்தபடி உள்ளங்கையில் எண்ணெய் விட்டுத் தடவ உட்கார்ந்துவிட்டாள்.

"விடுடி, நான் தடவறேன்."

"உங்களுக்கு அளவு தெரியாது. வண்டு வந்துடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த டிரம்மு ஆகாதுன்னு அன்னிக்கி உங்களுக்குத் தெரியாதுதானே?"

அவனுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்றே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று சொன்ன பேச்சுதான் அது.

"சத்தியமா தெரியாதுடி."

"எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சா சொல்லியிருப்பீங்களா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் எண்ணெய்.

ஆடி மழையில் ஜம்னா போய்ச் சேர்ந்தாள்.

மாதா மாதம் வாக்ஜி பீப்பாயைத் திறந்து மாவுக்குக் கோதுமை அள்ளுகிறான். ஒவ்வொரு தடவையும் கையில் பரப்பிப் பார்க்கிறான், ஒரே ஒரு வண்டாவது இருக்காதா என்று. இருந்தால் அத்தனையையும் கொட்டிவிடலாம். ஒன்றுகூட இல்லை. அவள் தடவியது அப்படி. சுட்ட ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு, "தெரியும்டி, எனக்குத் தெரியும்டி" என்று அழுகிறான். பிறகு அதைத்தான் சாப்பிடுகிறான்.