தாடி வைத்த மகாலட்சுமி

அம்மா விட்டுப்போன ஆங்கிலேயர் காலத்துத் தங்கக் காசை விற்க, காந்திபுரத்து நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, ராசா நெத்தியில குங்குமமுங்களா?"

சிறுவயதில் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்ப்பது என் வேலை. "மகாலட்சுமி மொகம் பளபளன்னு இருக்கோணும் கண்ணு" என்பாள் அம்மா. தேய்த்ததும் குங்குமம் வைத்துக் கும்பிடுவாள்.

"அம்மா, இதுக்குத் தாடி இருக்குதுங்க!" என்றேன் ஒருநாள்.

"அப்ப இன்னும் அழுத்தித் தேயி."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மொகமே தேஞ்சுபோச்சுங்க. பழங்காசு வெல கெடைக்காது. எடைக்குத்தானுங்க எடுக்க முடியும்."

வாங்கிப் பார்த்தேன். தாடியும் இல்லை, மீசையும் இல்லை. நெற்றியில் குங்குமம் மட்டும் இருந்தது. மகாலட்சுமியை எடைக்குப் போட மனசு வராமல் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன்.