மூன்று பக்கமும் தைத்த தலையணை உறை

நாத்தனார் கொடுமை என்று எத்தனையோ கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது நாத்தனாருக்கு நடந்த கொடுமை. அவள் பழி தீர்த்துக்கொண்டதையும் சேர்த்தே சொல்வேன். பாதிக் கதையில் "ஐயோ, மன்னித்து விட்டிருக்கலாமே" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் கட்டடத்தில் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இளமை முழுக்கச் சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி கையை மட்டும் தைப்பாள், ஒருத்தி பையை, ஒருத்தி பொத்தான் துளையை. இவளுக்கு வாய்த்தது காலர். "ஊர்ப்பட்ட ஆம்பளைங்க கழுத்தையெல்லாம் பிடிச்சவ நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எதிர் வீட்டுக்காரி என்பதால் அந்தச் சிரிப்பை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சு வரை அவள் ஒருத்தியே தைத்த ஒரே உடுப்பு, தன் வயிற்றிலிருந்த பிள்ளைக்கான சட்டை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திப் பாவாடையை வெட்டித் தைத்தாள். பச்சைத் தோலை உறுத்தக் கூடாதென்று மடிப்பையெல்லாம் வெளிப்பக்கம் வைத்தாள். பொத்தான் கிடையாது, நாடா. பிள்ளை பிறந்து இரண்டு நாள் இருந்தது. அந்தச் சட்டையோடுதான் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுவருடம் புருஷனும் போனான். அவன் செத்துப் போகவில்லை, சும்மா போனான். அப்புறம் தம்பியைப் படிக்க வைத்து, லிஃப்ட் மெக்கானிக் ஆக்கி, கல்யாணமும் செய்துவைத்து அவன் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வந்த தம்பி பெண்டாட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. குரல் அப்படி. தண்ணீர் லாரி வரவில்லை என்று அவள் சொன்னாலும் நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் நூல் ஒரு பக்கம் போகும், ஊசி ஒரு பக்கம் போகும். இப்படிப்பட்டவள்தான் போனில் தையல் சேனல் ஆரம்பித்தாள். வீட்டிலிருக்கும் துணியில் எளிய தையல். துணிப்பை, கைப்பிடித் துணி, பழைய பேன்ட்டில் மிதியடி. நடுநடுவே வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை.

யாருடைய கை என்று கேட்கிறீர்களா? அங்கேதான் தொழில் ரகசியம். முதலில் ரேடியோ முகம் காட்டி வணக்கம் சொல்வாள். பிறகு தம்பி போனை மேஜைக்கு மேலே கவிழ்த்து மாட்டுவான். அந்த இமைப்பொழுதில் ஆள் மாறிவிடும். காலர் அக்கா வந்து உட்காருவாள், ரேடியோ பின்னால் நின்றுகொண்டு பேசுவாள். இதற்காக ரேடியோவின் ஒவ்வொரு சட்டைத் துணியிலும் ஒரு ஜோடி தனிக் கை தைத்து, முழங்கைக்கு மேல் எலாஸ்டிக் வைத்திருந்தாள் அக்கா. உடம்பில்லாத சட்டைக் கைகள் அவள் கதவுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும். நகப்பூச்சு ஒரே நிறம். ரேடியோ தன் வளையல்களைக் கழற்றி இவள் கையில் மாட்டிவிடுவாள். முடிந்ததும் மறக்காமல் வாங்கிக்கொள்வாள்.

இதையெல்லாம் அக்கா தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அவளுக்குப் பேச வருது, எனக்குத் தைக்க வருது. யார் தைச்சா என்ன" என்பாள். நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன வருஷப் புத்தாண்டுக்குக் குழந்தைச் சட்டை தைத்துக் காட்டலாம் என்றாள் ரேடியோ. அக்கா முடியாது என்றுவிட்டாள். ஏன் ஏன் என்று துளைத்ததில், ஒரு மத்தியானம் பாவாடையையும் நாடாவையும் அந்த இரண்டு நாளையும் சொன்னாள். அதுவரை அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். "அந்தக் குழந்தைக்காகவே இதைத் தைங்கக்கா" என்றாளாம். அக்கா மனசு இளகிவிட்டது.

புத்தாண்டு காலையில் நேரலையில் தைக்க உட்கார்ந்தாள். கழுத்தை வளைத்து வெட்டி, தோள்களைச் சேர்த்து, மடிப்பை வெளிப்பக்கம் வைத்தபோது தலைக்கு மேலே அந்தக் குரல் ஆரம்பித்தது.

"இந்தச் சட்டைய நான் ஏற்கெனவே ஒரு தடவை தைச்சிருக்கேன். என்னோட முதல் குழந்தைக்கு. ரெண்டே நாள்தான் இருந்துச்சு..."

பாவாடை, நாடா, உறுத்தக் கூடாதென்று வெளியே வைத்த மடிப்பு, ஒன்றையும் விடவில்லை. அக்காவால் எழுந்திருக்கவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. கை மட்டும் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நாடாவையும் வைத்துத் தைத்து முடித்தாள். அந்த நடுக்கம்தான் சேனலைத் தூக்கிவிட்டது. "பாருங்க, கை எப்படி நடுங்குது. பெத்தவளுக்குத்தானே தெரியும்" என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். ரேடியோவுக்குப் பெற்றெடுத்த அனுபவம் அன்றைக்கு வரை கிடையாது.

"என் பிள்ளையை நீ ஏன் எடுத்தே?" என்று அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்.

"எடுக்கறதுக்கு அது என்ன பொருளாக்கா? கதைதானே. யார் சொன்னா என்ன, நாலு பேருக்கு ஆறுதலா இருக்குல்ல?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, "விடுக்கா. குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது என்னுது" என்றான். மெஷின் மிதித்து ஆளாக்கின பிள்ளை! கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவனை அவனுடைய லிஃப்டிலேயே வைத்துப் பூட்டலாம் போல இருந்தது.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாளும் வளையலை மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. "உனக்குச் சூடு சொரணை இல்லையாக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"இருக்கு. அவ இப்ப முதல் மாடியிலதான் நிக்கறா. இங்கேர்ந்து விழுந்தா சிராய்ப்புதான். ஏறட்டும்."

ஏறினாள். அந்த வருடம் முழுக்க அக்காவே தோள் கொடுத்து ஏற்றிவிட்டாள். இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். ரேடியோவின் வாய் சொல்வதில் பாதி தப்பு. அவள் "ரெண்டு விரல்கடை விட்டு" என்பாள், அக்கா எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விடுவாள். அவள் "இப்படியே தைச்சுடுங்க" என்பாள், அக்கா திருப்பிப் போட்டுத்தான் தைப்பாள். பார்க்கிறவர்கள் கண்ணை நம்பினார்கள், காது இனித்ததோடு சரி. தன் வாய் தப்பு என்பது ரேடியோவுக்கே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

இந்தப் புத்தாண்டு வந்தது. தையல் மெஷின் கடைக்காரர் ஒருவர் புது மெஷின் ஒன்றைச் சும்மா கொடுத்து, அதில் நேரலையில் தைத்துக் காட்டச் சொல்லியிருந்தார். எளிய வேலைதான், தலையணை உறை. வேடிக்கை பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா சட்டைக் கைகளை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இந்த வருஷம் என்ன தீர்மானம்?" என்று கேட்டேன்.

"சொல் பேச்சு கேக்கறது" என்றாள்.

போன் கவிழ்ந்தது. ரேடியோ ஆரம்பித்தாள். "போன வருஷத்துக் கண்ணீரெல்லாம் பழைய உறையோட போகட்டும். யார் மேலயாவது கோபமா? மன்னிச்சுடுங்க. மனசு பஞ்சு மாதிரி ஆயிடும். இப்ப துணிய ரெண்டா மடிச்சு, தலையணைய மேல வெச்சு, அதே அளவுக்குச் சரியா வெட்டிக்குங்க."

எப்போதும் தையலுக்கும் மடிப்புக்கும் துணி விட்டு வெட்டுகிற கை, அன்றைக்குத் தலையணை விளிம்பை ஒட்டி நறுக்கென்று வெட்டியது. நான் கட்டிலின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்ல பக்கம் வெளிய தெரியட்டும். தெறந்திருக்கற மூணு பக்கமும் நேரா ஒரு தையல்."

புது மெஷின் சர்ரென்று ஓடியது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். தலையணை நுழையவேண்டிய மூன்றாவது பக்கத்தையும் கை தைத்தது, முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓட்டிக் கெட்டிப்படுத்தியது. அத்தனை அழகான தையலை நான் பார்த்ததே இல்லை.

"அவ்வளவுதான்! இப்ப தலையணைய உள்ள போடுங்க."

கை உறையை எடுத்தது. திருப்பியது. மறுபக்கம் திருப்பியது. விரலால் நாலு விளிம்பையும் தடவிப் பார்த்தது. தலையணையை எடுத்து அதன் மேல் வைத்தது. கீழே வைத்தது. பக்கவாட்டில் முட்டிப் பார்த்தது. ஒரு தடவை, சத்தியமாகச் சொல்கிறேன், விரலால் மேஜையில் தாளம் போட்டபடி அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

தம்பியின் முகம் வெளுத்தது. அவன் கையிலிருந்த இன்னொரு போனில் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. "எந்தப் பக்கமா நுழைக்கணும் மேடம்?" "நீங்க சொன்னபடியே தைச்சேன், எனக்கும் இதே கதி." ரேடியோ எட்டிப் பார்த்தாள். ஒரு நொடி குரல் நின்றது. அந்த ஒரு நொடிக்காகவே அக்கா ஒரு வருடம் காத்திருந்தாள் என்று நினைத்தேன். இதோடு விட்டிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும்.

ரேடியோ விடவில்லை. மூச்சை இழுத்து, தொண்டையைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க... கை ஓடல. புத்தாண்டு வந்தாலே என்னோட அந்தக் குழந்தை ஞாபகம்..." என்றாள்.

அக்காவின் விரல்கள் தாளத்தை நிறுத்தின. சட்டைக் கைகளை எலாஸ்டிக்கோடு உருவினாள், ஒன்று, பிறகு இன்னொன்று. வளையல்களைக் கழற்றி உறையின் மேல் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து, அந்தப் போனுக்கு நேர் கீழே தன் முகத்தைக் கொண்டுவந்து மேலே பார்த்தாள். நரைத்த வகிடும், மூக்கில் சரிந்த கண்ணாடியுமாக அந்த முகத்தை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"பிள்ளை என்னுது. போன வருஷம் நடுங்கின கையும் என்னுது. பேசினது மட்டும்தான் இவ" என்றாள்.

தம்பி போனைப் பிடுங்கி அணைப்பதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ரேடியோ உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். நான் என் வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஏனோ அழுகையும் வந்தது.

சாயங்காலம் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றான். "அக்கா, அவ சோறு தண்ணி இல்லாம கெடக்கறா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். நீ என்ன சொன்னாலும் செய்றேங்கறா."

"மன்னிப்பெல்லாம் எங்கிட்ட இருப்பு இல்லப்பா. அவள வரச் சொல்லு. போனோட."

ரேடியோ வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எதிரே இருந்த முக்காலியை அக்கா காட்டினாள். "என்ன எழுதியிருக்காங்கன்னு படி."

"எல்லாம் என்னைத் திட்டித்தான்க்கா..."

"திட்டெல்லாம் எனக்கு வேணாம், அத நீயே வெச்சுக்க. என் பிள்ளையப் பத்திக் கேட்டிருப்பாங்கல்ல, அத மட்டும் படி."

அந்தப் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ரேடியோ போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். படித்தபோது அந்தத் தேன்குரல் கட்டை மாதிரி இருந்தது.

"'அம்மா, அது பொண்ணா, பையனா?'"

"பொண்ணு. எழுது."

எழுதினாள்.

"'யார் ஜாடை?'"

"எங்கம்மா ஜாடை. நெத்தி மட்டும் என்னுது. தலை நிறைய முடி. எல்லாத்தையும் எழுது, ஒண்ணும் விடாத. போன வருஷம் விடாமத்தானே சொன்னே?"

கட்டைவிரல் நகர நகர ரேடியோவின் கண்ணீர் போன் மேல் விழுந்தது. அக்கா ஒரு துணித் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "போனைத் தொடைச்சுக்க. எழுத்து தெரியாம போயிடும்."

"அக்கா, போதும்க்கா. என்னால முடியலை."

"நான் அன்னிக்கு நாடா வரைக்கும் தைச்சு முடிச்சேன். படி."

ரேடியோ அடுத்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனை மடியில் தாழ்த்திக்கொண்டாள். "ம்" என்றாள் அக்கா.

"'குழந்தைக்குப் பேர் வெச்சிருந்தீங்களா?'"

எனக்கே தெரியாது அது. கேட்கத் தோன்றியதே இல்லை.

"வெச்சேன்" என்றாள் அக்கா. கையை நீட்டினாள். "போனை இப்படிக் குடு. அது உன் வாயில வர வேணாம்."

ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அனுப்பினாள். பிறகு போனை ரேடியோவின் மடியில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அடுத்தத படி" என்றாள்.