விருப்பமுள்ளவர்கள் மட்டும்

தங்கை இந்த வருடம் கல்லூரியில் சேருகிறாள். புதிய மாணவிகளுக்கு ஓரியன்டேஷன் கட்டாயமாமே, ஒரே அறுவையாக இருக்குமாமே, போகாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறாள். அவளுக்கு இப்போது அப்பா எதற்கும் தடை சொல்வதில்லை. அதனால் 'கட்டாயம்' என்ற சொல்லை நான் எப்படி நேசித்தேன் என்பது அவளுக்குப் புரியாது.

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர்ந்தபோதும் மூன்று நாள் நடந்தது. கடைசி நாள் இருட்டும்வரை கலைநிகழ்ச்சி, எல்லாரும் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். விடுதிப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். நூலகம் எங்கே இருக்கிறது என்று நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள மாட்டோமா என்று முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

பத்தமடையில் எங்கள் வீட்டில், விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளை வெளியே இருப்பது என்ற பேச்சே கிடையாது. அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். விதி என்று ஒன்று இருந்தால் மீற மாட்டார். கெஞ்சியிருந்தால் நடந்திருக்காது. கட்டாயமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் இருந்துதான் ஆக வேண்டும், நானே வந்து கூட்டிவருகிறேன் என்றார். பெரியப்பா கேட்டபோதும் அதையே சொன்னார்: கட்டாயமாம், நாம் என்ன செய்ய முடியும்?

முதல் நாளே எங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, கடைசி நாளுக்குக் குழுவுக்கொரு நிகழ்ச்சி தயாரிக்கச் சொன்னார்கள். என் குழுவில் மற்ற நால்வருக்கும் மேடை என்றாலே நடுக்கம். நான் முந்திக்கொண்டு, எங்கள் ஊர் பஸ்ஸை நாடகமாகப் போடலாம் என்றேன். அன்று வீடு போய்ச் சேருவதற்குள் வசனம் முழுக்க மனதில் தயாராகிவிட்டது. நான்தான் கண்டக்டர். தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகி, தோளில் பையும் வாயில் விசிலுமாக ஒத்திகை பார்த்தேன்.

"உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள என்ன ஆனையா நிக்கி?"

ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கூடையோடு பஸ் ஏறும் கருவாட்டுக்காரி வேஷம் அவளுக்கு. என் வசனமும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் நிறைய மார்க் வாங்குகிற பிள்ளை, அவ்வளவுதான். நான் பேசி யாரும் அப்படிச் சிரித்ததில்லை. இங்கே வேறொருத்தியாக இருந்துவிடலாம் என்று பட்டது. அந்த மேடைக்காக அப்படி ஏங்கினேன்.

மூன்றாம் நாள் அப்பா சீக்கிரமே வந்து, வாசல் வேப்பமரத்தடியில் மற்றத் தகப்பன்மாரோடு நின்றார். பேச்சுகள் இழுத்துக்கொண்டே போயின. நாங்கள் மேடைக்குப் பின்னால் தயாராக நின்றபோது முதல்வர் மைக் முன்னால் வந்தார். வெளியூர்ப் பிள்ளைகள் பஸ்ஸுக்குச் சிரமப்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

"கலைநிகழ்ச்சிக்கு விருப்பமுள்ளவர்கள் மட்டும் இருந்தால் போதும். மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பலாம்."

அரங்கமே கைதட்டியது. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று வாசலைப் பார்த்துக் கட்டியிருந்தது.

அப்பா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தோளில் பையோடு போனேன்.

"கெளம்புவோமாம்மா? விருப்பப்பட்டவங்க இருந்தா போதும்னு சொல்லுதாங்கள்லா."

"எனக்கு விருப்பந்தாம்ப்பா."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குப் பெரியப்பா கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்படிக் கேட்டால் என்ன செய்வது?

பையையும் விசிலையும் ஆழ்வார்திருநகரிக்காரியிடம் கொடுத்தேன்.

"ஏட்டி, நீ போவாத. அப்போ கருவாட்டுக் கூடைய யாரு தூக்குவா?"

"ஆனையை மட்டும் மறந்துராத" என்றேன்.

பஸ் நிறுத்தம் வரை ஒலிபெருக்கி கேட்டது. எங்கள் குழுவைக் கூப்பிடுவார்களா என்று காதைக் கொடுத்தபடியே நடந்தேன். வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். என்றைக்கும் காக்க வைக்கிற பஸ் அன்றைக்கென்று உடனே வந்து நின்றது.

திங்கட்கிழமை போனால், கல்லூரியே ஆழ்வார்திருநகரிக்காரியைக் 'கண்டக்டர்' என்று கூப்பிட்டது. கூட்டம் சிரித்த சிரிப்பில் நாடகத்தை நடுவில் நிறுத்தி நிறுத்தி நடத்தினார்களாம். எல்லாம் இவள் எழுதியது என்று பார்த்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னாள்; நல்லவள். ஆனால் ஒட்டிக்கொண்ட பெயர் ஒட்டிக்கொண்டதுதான். படிப்பு முடிகிறவரை, வராண்டாவில் யாராவது "ஏ கண்டக்டர்" என்று கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேருமே திரும்புவோம்.